கோமதியை ஏசாத முதலாளி

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். நான் பேசும்போது நீங்கள் தூங்கினால் எனக்குக் கோபம் வரும். படிக்கும்போது தூங்கினால் எனக்குத் தெரியப்போவதில்லை.

மனநலச் சிக்கலிலிருந்து மீண்டு வருகிறவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பதும், சேர்ந்த பிறகு கூடவே நிற்பதும் நம் தொழில். அதை எப்படிச் செய்வது என்று பயிற்சியில் ஸ்லைடு போட்டுக் காட்டியிருப்பார்கள். மோசமான முதலாளியிடம் எப்படிப் பேசுவது என்றும் அதில் இருந்திருக்கும். நல்ல முதலாளியை என்ன செய்வது என்று இருந்திருக்காது. என் பணிக்காலத்தில் நான் அதிகம் திண்டாடியது நல்லவர்களிடம்தான். அப்படி ஒருவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். ஆட்களின் பெயரையும் கடையின் அடையாளத்தையும் மாற்றியிருக்கிறேன், தேடிப்போய் விசாரிக்காதீர்கள்.

கோமதிக்கு அப்போது முப்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. ஒரு கப்பல் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள். யாரும் பேசாதபோதும் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. மனச்சிதைவு நோய் என்றார்கள். வேலை போயிற்று. சிகிச்சைக்குப் பிறகு சேர்ந்த இரண்டு வேலைகளும் நிலைக்கவில்லை. செங்காங்கில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் தங்கமான மனிதர், அண்ணியும் அப்படித்தான். இரண்டு பேரும் தாங்கு தாங்கென்று தாங்கி அவளைச் சோபாவிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். குடித்த தேநீர்க் கோப்பையைக் கூட அவள் கழுவ விடமாட்டார்கள்.

லிட்டில் இந்தியாவில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்கும் வேலை கிடைத்தது. ஆபீஸில் இருந்த தங்கச்சி வெங்காயம் உரிப்பதா என்று அண்ணனின் முகம் சுண்டிப்போனது. கோமதிதான் ஒற்றைக் காலில் நின்றாள். சேருவதற்கு முன்பு என்னிடம் தனியாக ஒன்று சொன்னாள்.

"இதுவும் போச்சுன்னா அக்கா, அப்புறம் நான் வேலை கேக்க மாட்டேன். வீட்டுலயே இருந்துடுவேன்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னாள். அவள் சொன்னதைச் செய்கிற ஆள் என்பது எனக்குத் தெரியும்.

கடையின் முதலாளி சிவராமன். எல்லாரும் பாஸ் என்பார்கள். மனிதருக்கு இரண்டே குணம், சாப்பாடு போடுவார், ஏசுவார். சமையல் மாஸ்டரை ஏசுவார், தன் மகனை ஏசுவார், கதவு சரியாக மூடாத குளிர்பதனப் பெட்டியையும் நின்று நிதானமாக ஏசுவார். மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் அதே கையால் எல்லாருக்கும் தேநீர் ஆற்றிக் கொடுப்பார். அங்கே யாரும் அவர் ஏச்சை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நோயைப் பற்றி யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பது வேலைக்குப் போகிறவருடைய முடிவு. நம்முடையது இல்லை. இதை எழுதி ஒட்டிவைத்துக்கொண்டாலும் தப்பில்லை. முதலாளிக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று கோமதி முடிவு செய்தாள். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளே சொன்னாள். சிவராமன் கேட்டுவிட்டு, அதனால் என்ன, நேரத்துக்கு வந்தால் சரி என்றார். முதல் வாரத்திலேயே அவளுக்கும் ஏச்சு விழுந்தது. இது பொரியலுக்கு நறுக்கினதா மாட்டுக்கு நறுக்கினதா என்று கேட்டாராம். அதை எங்கள் ரவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ரவி எங்கள் சக ஆதரவாளர். அப்படியென்றால் தானும் இந்த வழியில் விழுந்து எழுந்து வந்தவர், இப்போது வருகிறவர்களுக்குத் துணையாக நடக்கிறவர். முன்பு பஸ் ஓட்டினார். கடுமையான மனச்சோர்வில் மருத்துவமனையில் இருந்திருக்கிறார். என்னிடம் சொல்லாததையெல்லாம் கோமதி ரவியிடம் சொல்வாள். ஆரம்பத்தில் எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. உங்களுக்கும் வரும். வந்தால் விழுங்கிக்கொள்ளுங்கள்.

சில மாதம் நன்றாகப் போயிற்று. புரட்டாசி பிறந்தது. அந்த மாதத்தில் நம் ஆட்களில் பாதிப் பேர் சைவமாகிவிடுவது உங்களுக்கே தெரியும். சைவக் கடைகளில் நிற்க இடம் இருக்காது. சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம், வரிசை நடைபாதைவரை நீளும். அந்த நேரம் பார்த்து கோமதிக்கு மருத்துவர் மருந்தை மாற்றினார். உடம்பு பழகும்வரை தலை சுற்றும் என்று சில நாள் விடுப்பு எடுத்தாள்.

சமையலறையில் புகைச்சல் கிளம்பியது. நமக்குக் கழிப்பறைக்குப் போகவே நேரமில்லை, நேற்று வந்தவளுக்கு மட்டும் லீவா என்று சரோஜா ஆரம்பித்தார். அந்தக் கடையில் ரொம்ப காலமாகக் காய் நறுக்குகிறவர் அவர். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சிவராமனுக்குப் பொறுக்கவில்லை. கோமதிக்காகப் பரிந்து பேசுவதாக நினைத்து எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, அந்தப் பெண்ணுக்கு மனநோய், மருந்து சாப்பிடுகிறாள், பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று உடைத்துச் சொல்லிவிட்டார். ஏசுகிற குரலில் இல்லை, கண் கலங்கிச் சொன்னாராம். போதாதா? புகைச்சல் அதோடு நின்றது.

கோமதி திரும்பி வந்தபோது அவளுடைய பலகை இருந்தது, கத்தி இல்லை. கொத்துமல்லிக் கட்டையும் ஒரு தட்டையும் அவள் முன்னால் வைத்து, நீ இலை கிள்ளும்மா போதும் என்றார்கள். கத்தி எங்கே என்று கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. மாஸ்டர் அவளிடம் பேசும்போது குழந்தையிடம் பேசுவதுபோல இழுத்து இழுத்துப் பேசினார். சரோஜா கோயிலில் இருந்து விபூதி கொண்டுவந்து நெற்றியில் பூசி, எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் ஒருவர் நன்றாக மந்திரிப்பார், கூட்டிப்போகட்டுமா என்று காதோடு கேட்டார். சிவராமன் அவள் பக்கம் வரும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பக்கத்தில் இருக்கிறவரை வறுத்தெடுத்துக்கொண்டே வருவார், கோமதியிடம் வந்ததும் புன்னகை செய்துவிட்டு, அடுத்தவரிடம் போய் மறுபடி தொடங்குவார்.

இதையெல்லாம் அவள் ரவியிடம்தான் சொன்னாள். ரவி என்னைக் கூப்பிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் அவருக்கு உரிமை கொடுத்தது, இப்போதே போய் நாலு கேட்கிறேன் என்று குதித்தேன். புக்கிட் மேராவில் ஒரு கிடங்கில் பொட்டலம் கட்டும் வேலை காலியாக இருந்தது. அங்கே அவளை யாருக்கும் தெரியாது. வேறு இடத்தில் சேர்த்துவிட்டால் தலைவலி தீர்ந்தது என்று கணக்குப் போட்டேன். எங்கள் அலுவலகத்திலும் அதையே சொன்னார்கள். அவள் அண்ணனோ, போதும் மேடம், அவ வீட்டுலயே இருக்கட்டும் என்று ஆரம்பித்துவிட்டார்.

ரவி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "அக்கா, அவ என்கிட்ட என்ன சொல்லி அழுதா தெரியுமா? 'பாஸ் என்னை மட்டும் ஏச மாட்டேங்கிறாரு'ன்னு. கத்தி விஷயத்தைக்கூட அப்புறம்தான் சொன்னா. நீங்க வேற வேலை பாக்குறீங்க, அவ வேற என்னமோ கேக்குறா லா" என்றார்.

எனக்குச் சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை. சத்தமாகப் பேசினால் அவளுக்கு ஆகாது என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருப்பார்கள்! கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அந்தக் கடையில் ஏச்சு வாங்காதவர்கள் வாடிக்கையாளர்கள் மட்டும்தான். கோமதியை இப்போது அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். கிடங்கு வேலையைப் பற்றி அவளிடம் கேட்டேன். வேண்டாம், பாஸிடம் பேச வேண்டும், நீங்களும் ரவி அண்ணனும் கூட இருங்கள், ஆனால் நான்தான் பேசுவேன் என்றாள். பேசி வேலை போனால் என்ன செய்வாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பதில் எனக்கு முன்பே தெரியும்.

மத்தியானக் கூட்டம் வடிந்த நேரத்தில் கடையின் பின்பக்க மேசையில் உட்கார்ந்தோம். கோமதி, சிவராமன், ரவி, நான். இப்போது சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள், இதை எந்த ஸ்லைடிலும் போடமாட்டார்கள். சிவராமன் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார். மேடம், அவகிட்ட கத்தி கொடுக்கலாமா? கோபப்பட்டா நோய் திரும்ப வருமா? சாப்பாட்டுல ஏதாவது பத்தியம் உண்டா? எல்லாம் என்னிடம். கோமதி அவருக்கு எதிரே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள்.

எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அழகான பதில்கள், வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகியவை. நான் வாயைத் திறந்திருந்தால் பேச்சு சுமுகமாக முடிந்திருக்கும். வேலையும் தங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கொத்துமல்லி கிள்ளுகிற வேலை. நான் தேநீரைக் குடித்தேன். சிவராமன் மறுபடியும் கேட்டார். நான் கோமதியைப் பார்த்தேன். ரவி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோமதி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள், கை இரண்டும் மடியில் இருந்தன. நான் தப்பு செய்கிறேனோ, பிள்ளையை நடுத்தெருவில் விட்டுவிட்டேனோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிறவளுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

அவள் நிமிர்ந்தாள்.

"பாஸ், உங்களுக்குத் தெரியணும்னுதான் சொன்னேன். எல்லாருக்கும் சொல்லுங்கன்னு சொல்லல."

நல்லதுக்குத்தானே சொன்னேன் என்றார் சிவராமன். தெரியும் என்றாள். அதனால்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன் என்றாள். பிறகு கைகளை மேசைமேல் எடுத்து வைத்தாள். நன்றாகத் தெரிந்தது நடுக்கம்.

"கை நடுங்குது, மருந்தால. அதுக்காகக் கத்திய எடுத்தா சரி. நானே கொஞ்ச நாள் மெதுவாத்தான் நறுக்குவேன். என்னைப் பாத்துப் பயந்து எடுத்தா சரியில்ல பாஸ். நான் தப்பு செஞ்சா ஏசுங்க. மத்தவங்களை எப்படி ஏசுவீங்களோ அப்படியே."

ஏசினால் உனக்கு மறுபடியும் அது வந்துவிட்டால், என்று சிவராமன் இழுத்தார். வந்தாலும் வரலாம், வந்தால் நானே சொல்கிறேன் என்றாள். தலைக்குள் இரைச்சல் அதிகமானால் கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டுப் பின்சந்துக்குப் போய் நிற்பேன், யாரும் பின்னால் வர வேண்டாம், கொஞ்ச நேரத்தில் நானே வந்துவிடுவேன் என்றாள். இதை அவளும் ரவியும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். எனக்கே அப்போதுதான் தெரியும்.

சிவராமனுக்கு மனம் நொந்துவிட்டது. மூஞ்சியிலேயே தெரிந்தது. நல்லது செய்யப்போய்ப் பேச்சுக் கேட்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம். சரி, நாளைக்கு வா, பார்ப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து கல்லாவுக்குப் போனார். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று ரயில் நிலையம்வரை நான் புலம்பிக்கொண்டே வந்தேன். ரவிதான், பார்ப்போம்னா பார்ப்போம்தான் அக்கா, வாங்க என்று இழுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் பலகைமேல் கத்தி இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் கோமதி பூசணிக்காயும் முட்டைக்கோஸும் மெதுவாக நறுக்கினாள். சரோஜாவிடம் அவளே போய்ப் பேசினாள். விபூதிக்கு நன்றி சொல்லி, மந்திரிக்க வேண்டாம் என்றும் சொன்னாளாம். எனக்கென்னம்மா தெரியும், எங்க பக்கத்துல அப்படித்தான் செய்வோம் என்றிருக்கிறார் சரோஜா. கொஞ்ச நேரம் பொறுத்து வெங்காயக் கூடையை அவள் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார், பாதி உன்னுது என்று. ஆனால் சிவராமன் மட்டும் இன்னும் ஏசவில்லை. கத்தியைக் கொடுத்துவிட்டார், வாயைத் திறக்கப் பயம்.

புரட்டாசிக் கடைசி வாக்கில் ஒரு சனிக்கிழமை, ஆங் மோ கியோவில் என் வீட்டில் நான் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தேன். சிவராமன் கைபேசியில் கூப்பிட்டார். அவர் குரல் அப்படி ஒடுங்கி நான் கேட்டதே இல்லை.

"மேடம், ஏசிட்டேன். என்னை மீறி வந்துடுச்சு. அவ கத்திய வச்சிட்டுப் பின்னால போயிட்டா. இன்னும் வரல."

ஏதோ ஒரு விசேஷ வீட்டுக்குப் பெரிய ஆர்டர். வறுவலுக்கு வட்டமாக நறுக்க வேண்டிய வாழைக்காயை எல்லாம், கூடை மொத்தத்தையும், கோமதி பொரியலுக்குப் பொடிப்பொடியாக நறுக்கி வைத்துவிட்டாள். பாஸ் பார்த்தார், வாய் கட்டவிழ்ந்துவிட்டது. சமையலறையே ஆடிப்போயிருக்கிறது. பாதியில் நினைவு வந்து நிறுத்தியிருக்கிறார். அவள் கத்தியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். சொன்னபடி யாரும் பின்னால் போகவில்லை. ஆனால் ரொம்ப நேரமாகிறது, போய்ப் பார்க்கட்டுமா என்று கெஞ்சினார். வேண்டாம், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடினேன்.

ரயிலில் என் மனம் என்னென்னவோ நினைத்தது. அவள் அப்படியே நடந்து பஸ் ஏறிப் போயிருப்பாள், சோபாவில் உட்கார்ந்திருப்பாள், அண்ணன் தேநீர் கொடுத்திருப்பார், முடிந்தது. நியூட்டனில் ரயில் மாற இறங்கி ரவியைக் கூப்பிட்டேன்.

"அவ உங்களைக் கூப்பிட்டாளா?" என்று கேட்டார்.

இல்லை, பாஸ்தான் கூப்பிட்டார் என்றேன்.

"அப்ப நீங்க பாஸுக்காகத்தான் போறீங்க. கொஞ்சம் நில்லுங்க அக்கா. யாரும் பின்னால வரக்கூடாதுன்னு சொன்னாள்ல, அதுல நாமளும்தான் சேத்தி."

எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்தது. அடுத்த நிறுத்தம் லிட்டில் இந்தியா. போய் இறங்கி, சந்துக்குள் ஓடி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். எனக்கு. ரயில் வந்தது. கதவு திறந்தது. நான் ஏறவில்லை. நடைமேடையில் இருந்த இருக்கையில் உட்கார்ந்து கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டேன். இன்னொரு ரயிலும் வந்து போயிற்று. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்னை நானே மன்னிக்க மாட்டேன் என்று தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தேன். நீங்களும் ஒருநாள் இப்படி உட்கார வேண்டியிருக்கும். சுகமாக இருக்காது.

கைபேசி அடித்தது. கோமதி.

எங்கே இருக்கிறாய் என்று கத்திவிட்டேன். பின்சந்தில்தான் அக்கா என்றாள். கொஞ்சம் அழுதிருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது. தலைக்குள் அந்தக் குரல்கள் கேட்டனவா என்று கேட்டேன். வந்தன, போய்விட்டன என்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பாஸ் போட்ட சத்தத்துல அக்கா, அதுங்க பேசினது எனக்குச் சரியாவே கேக்கல."

எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனத்து அங்கிள் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோமதி பேசிக்கொண்டே போனாள். தப்பு அவளுடையதுதானாம், மாஸ்டர் சொன்னதைச் சரியாகக் கேட்கவில்லையாம். தேக்கா சந்தையில் இருந்து வேறு வாழைக்காய் வரவழைத்துவிட்டார்களாம். பொடியாக நறுக்கியதைப் பொரியலாக்கிக் கடையில் விற்கப்போகிறார்களாம். பாஸ் பாதியிலேயே நிறுத்திவிட்டார், மீதியையும் சொல்லி முடியுங்கள் என்று கேட்கப்போகிறாளாம்.

உள்ளேயிருந்து யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. சரோஜாவாக இருக்க வேண்டும். வாழைக்காய் வந்துடுச்சு, எவ்வளவு நேரம் அங்கேயே நிப்பே என்று அதட்டல்.

நியூட்டனில்தான் இருக்கிறேன், நான் வரட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு அக்கா?" என்றாள் கோமதி.

நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோதே, வேலை கிடக்குது, அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டாள்.